நெடுஞ்சொல்லின் இரு தோள்கள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், சுவீடிஷ் மொழியின் நீண்ட கூட்டுச்சொற்கள். அந்தச் சொற்களை எங்கே பிரிப்பது? பிரித்த பிறகு எங்கே அழுத்துவது? இந்த இரண்டு கேள்விகள்தாம் இன்றைய பேச்சின் முழுப் பொருளும்.

தமிழ் அவையில் சுவீடிஷ் எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்வி. சுவீடனில் இன்று தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. ஈழத்திலிருந்து போய்க் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். படிக்கவும் மென்பொருள் வேலைக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். போனவர்கள் அனைவரும் முதலில் சந்திப்பது குளிரை. அடுத்துச் சந்திப்பது நீண்ட சொற்களை. குளிருக்குக் கம்பளிச் சட்டை உண்டு. சொல்லுக்கு என்ன செய்வது? அதற்கு வழி சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஆனால் அது மட்டும் காரணமில்லை. மொழியை விரும்புகிற யாரும் அறிந்து மகிழ வேண்டிய ஓர் உண்மை இதற்குள் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவீடிஷ் மொழியின் நீண்ட சொல், தாளில் பார்த்தால் இடைவெளியே இல்லாத ஒரே எழுத்துக் கூட்டம். ஆனால் வாயில் அது ஒழுங்கான கட்டடம். கண்ணுக்குத் தெரியாத மூட்டுகள் காதுக்குத் தெரிகின்றன. அந்தச் சொல்லைக் கட்டி நிறுத்துவது எழுத்து அல்ல, குரல். இதுதான் நான் நிறுவ விரும்புவது.

முதலில் சொற்கள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்ப்போம்.

ஆங்கிலத்தில் இரண்டு பெயர்களைச் சேர்த்தால் பெரும்பாலும் நடுவில் இடம் விட்டு எழுதுகிறோம். சுவீடிஷ் அப்படி விடாது. சேர்ந்தால் சேர்ந்ததுதான். இரண்டு சொல் ஒரு பொருளைக் குறித்தால் அது ஒரே சொல்லாக எழுதப்பட வேண்டும். மூன்று சேர்ந்தாலும் அப்படியே. நான்கு சேர்ந்தாலும் அப்படியே. அகராதியில் இல்லாத புதுச் சொல்லை ஒரு சிறுவன் காலைச் சாப்பாட்டு மேசையில் செய்து கொள்ளலாம். வீட்டார் உடனே புரிந்துகொள்வார்கள். மொழி அதற்கு முழு உரிமை தருகிறது.

சேர்த்து எழுதுவது வெறும் எழுத்து வழக்கம்தானே, பிரித்து எழுதினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கெடும். ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஷூக் என்றால் நோயுற்ற. ஷோட்டெஷ்கா என்றால் பராமரிக்கும் பெண். இரண்டும் சேர்ந்த ஷூக்‌ஷோட்டெஷ்கா என்பது மருத்துவமனைச் செவிலியர். இதையே நடுவில் இடம் விட்டு ஷூக் ஷோட்டெஷ்கா என்று எழுதிவிட்டால்? பராமரிக்க வந்தவரே நோயாளி ஆகிவிடுகிறார்! இன்னொன்று பாருங்கள். ரோக்ஃப்ரிட் என்று சேர்த்து எழுதினால் இது புகையில்லாத இடம். ரோக் ஃப்ரிட் என்று பிரித்து எழுதினால், தாராளமாகப் புகைபிடியுங்கள் என்று அழைப்பு. எழுத்து ஒன்றும் மாறவில்லை. ஒரு சிறு இடைவெளி வந்தது, தடை அனுமதியாகிவிட்டது.

சுவீடனில் மொழி ஆசிரியர்கள் இந்தப் பிழைக்காகக் கவலைப்படுகிறார்கள். ஆங்கில எழுத்து வழக்கத்தின் தாக்கத்தால் இடைவெளி விடும் பழக்கம் பரவுகிறது என்பது அவர்களில் பலரின் கருத்து. ஆனால் அன்பர்களே, இதில் ஒரு வியப்பு இருக்கிறது. இடைவெளி விட்டுத் தப்பாக எழுதுகிற அதே மனிதர், வாயால் சொல்லும்போது தப்புவதே இல்லை! செவிலியரைச் செவிலியராகத்தான் சொல்வார். நோயாளியாகச் சொல்லமாட்டார். ஏன்? கை மறந்ததைக் குரல் மறக்கவில்லை. பேச்சில் கூட்டுச்சொல்லுக்கு ஒரு முதன்மை அழுத்தம். தனித்தனி இரு சொற்களுக்கு இரண்டு முதன்மை அழுத்தம். அந்த வேறுபாட்டைத் தாய்மொழியாளர் குழந்தைப் பருவத்திலேயே காதால் கற்றுவிடுகிறார்.

இப்போது அழுத்தம் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். இது தமிழ்க் காதுக்குச் சற்றுப் புதிய செய்தி. நம் மொழியில் ஒரு சொல்லின் முதல் அசையை ஓங்கிச் சொன்னாலும் கடைசி அசையை ஓங்கிச் சொன்னாலும் அகராதிப் பொருள் மாறாது. உணர்ச்சி மாறலாம், பொருள் மாறாது. சுவீடிஷில் மாறும். பனான் என்று இரண்டாம் அசையை அழுத்தினால் வாழைப்பழம். பானன் என்று முதல் அசையை நீட்டி அழுத்தினால் ஓடுபாதை. எழுதும்போது இரண்டுக்கும் ஒரே ஐந்து எழுத்து!

அழுத்தம் விழுந்த அசை அங்கே சும்மா உரக்க ஒலிப்பதில்லை. நீள்கிறது. நீளம் என்றதும் தமிழர்களுக்குக் காது விடைக்கும். குறில், நெடில், இரட்டித்த மெய் ஆகியவற்றை நாம் பிறவியிலேயே அறிந்தவர்கள். படு, பாடு, பட்டு, பாட்டு. நான்கு சொற்களையும் மனத்தில் நிறுத்துங்கள். குறில் வரலாம், நெடில் வரலாம். அடுத்து ஒற்றை மெய் வரலாம், இரட்டை மெய் வரலாம். நான்கு வழியும் தமிழில் திறந்திருக்கின்றன. சுவீடிஷில் அழுத்தம் பெற்ற அசைக்கு அந்த நான்கில் இரண்டுதான் உண்டு. பாடு போல உயிர் நீள வேண்டும், மெய் குறுக வேண்டும். அல்லது பட்டு போல உயிர் குறுக வேண்டும், மெய் நீள வேண்டும். இரண்டும் நீள்வதில்லை, இரண்டும் குறுகுவதில்லை. தாக் என்று நீட்டினால் கூரை. தக் என்று குறுக்கிக் கடைசி மெய்யை இறுக்கிப் பிடித்தால் நன்றி. கிளாஸ் என்றால் கண்ணாடி. கிளஸ் என்று குறுக்கி ஸகரத்தைப் பிடித்து நிறுத்தினால் ஐஸ்கிரீம்.

இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும், பிரிப்பது எங்கே என்ற கேள்விக்குப் பாதி விடை வந்துவிட்டது. எப்படி என்று கேளுங்கள்.

சுவீடனில் மொழி மாணவர்களுக்கு அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் ஒரு சொல் இருக்கிறது. எழுத்தில் ஒன்று. பிரித்தால் இரண்டு. பீல் என்றால் கார். ட்ருல்லெ என்றால் தறிகெட்டவன். பீல்-ட்ருல்லெ, கண்மண் தெரியாமல் கார் ஓட்டுகிறவன். அதே எழுத்துகளை ஓர் எழுத்துத் தள்ளிப் பிரியுங்கள். பில்ட் என்றால் படம். ருல்லெ என்றால் சுருள். பில்ட்-ருல்லெ, படச்சுருள். டகரம் ஒன்றுதான். அது முன்சொல்லோடு ஒட்டினால் படம். பின்சொல்லோடு ஒட்டினால் கார் ஓட்டி. தாளில் இரண்டும் ஒரே வடிவம். வாயைத் திறந்தால் குழப்பம் இல்லை. பீல் என்று உயிர் நீண்டால் கார் வந்துவிட்டது. பில்ட் என்று உயிர் குறுகி லகரம் நின்றால் படம் வந்துவிட்டது. கேட்பவர் சொல் முடியும்வரை காத்திருக்கவே வேண்டாம். முதல் அசையிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

அன்பர்களே, இது நமக்கு முற்றிலும் அன்னியமான செய்தியா? இல்லை. எழுத்து ஒன்றாகவே இருந்து பொருள் இரண்டாகும் புணர்ச்சிகளைத் தொல்காப்பியர் கண்டிருக்கிறார். அங்கே பொருளை வேறுபடுத்துவது ஒலிக்கும் முறைதான் என்று எழுத்ததிகாரத்தில் விதி செய்திருக்கிறார். உரையாசிரியர்கள் அதற்குக் காட்டுகிற செம்பொன்பதின்தொடி என்ற தொடரைத் தமிழாசிரியர்கள் இன்றும் வகுப்பில் சொல்கிறார்கள். செம்பொன் பதின்தொடி என்று இசைத்தால் பத்துத்தொடி எடையுள்ள பொன். செம்பு ஒன்பதின்தொடி என்று இசைத்தால் ஒன்பது தொடி எடையுள்ள செம்பு. உலோகமும் மாறுகிறது, எடையும் மாறுகிறது! இசையே பொருளைக் காக்கும் என்று இலக்கணம் செய்த மரபில் வந்தவர்கள் நாம். சுவீடிஷ் கூட்டுச்சொல்லைப் புரிந்துகொள்ளும் தகுதி நமக்கு ஏற்கெனவே இருக்கிறது என்பேன்.

சரி, பேச்சில் காது காப்பாற்றுகிறது. எழுத்தில்? வரி முடிந்து சொல் மடங்கும்போது எங்கே உடைப்பது? சுவீடிஷ் எழுத்து விதிகள் இதற்குத் தெளிவான வழி சொல்கின்றன. கூட்டுச்சொல் என்றால் முதலில் உறுப்புகளின் எல்லையைத் தேடு. பொருள் எங்கே பிரிகிறதோ அங்கே கோடு போடு. அசையை எண்ணுவதெல்லாம் அதற்குப் பிறகு, தனிச்சொல்லுக்குள் மட்டும். பொருள் முதலில், அசை பின்னால். இந்த வரிசையை மாற்றினால் விபரீதம். படச்சுருளை வரியோரத்தில் பீல் என்று உடைத்துப் போட்டால், படிக்கிறவர் அடுத்த வரியில் கார் ஓட்டியைத்தான் பார்ப்பார்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது, கேளுங்கள். ஐஸ்கிரீமுக்கு கிளஸ் என்று சொன்னேன். அதை எழுதும்போது கடைசியில் இரண்டு ஸகரம். கூம்புக்கு ஸ்ட்ரூட் என்று பெயர், அது ஒரு ஸகரத்தில் தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் ஐஸ்கிரீம் கூம்பு. ஸகரம் மூன்று வர வேண்டும் அல்லவா? சுவீடிஷ் மூன்று ஒத்த மெய்களை அடுத்தடுத்து எழுதாது. ஒன்றை விழுங்கிவிட்டு இரண்டை மட்டும் எழுதும். ஆனால் அதே சொல் வரியின் ஓரத்தில் மடங்கினால் என்ன ஆகிறது தெரியுமா? விழுங்கிய ஸகரம் திரும்பி வருகிறது! மேல் வரியில் இரண்டு ஸகரத்தோடு ஐஸ்கிரீம் முழுமையாக நிற்கும். கீழ் வரியில் தன் ஸகரத்தோடு கூம்பு முழுமையாக நிற்கும். சேர்ந்திருக்கும்போது விட்டுக்கொடுத்த எழுத்தைப் பிரியும்போது திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. உறுப்புகளின் தனித்தன்மைக்கு அந்த மொழி காட்டுகிற மதிப்பு அது.

இரண்டு உறுப்பு இருந்தால் எல்லை ஒன்று. மூன்று உறுப்பு வந்தால்? அப்போது புதுச் சிக்கல். மூன்றில் எந்த இரண்டு முதலில் சேர்ந்தன? இதற்குச் சுவீடிஷ் கண்டுபிடித்திருக்கும் கருவி ஒரே ஓர் எழுத்து. அதே ஸகரம்தான்.

பார்ண் என்றால் குழந்தை. பூக் என்றால் புத்தகம். க்ளுப் என்றால் சங்கம். மூன்றையும் சேருங்கள். பார்ண்-பூக்-க்ளுப் என்று ஸகரம் இல்லாமல் சேர்த்தால், புத்தகமும் சங்கமும் முதலில் சேர்ந்து, பிறகு குழந்தை வந்து ஒட்டியது என்று பொருள். அதாவது குழந்தைகளுக்கான புத்தகச் சங்கம். பார்ண்-பூக்ஸ்-க்ளுப் என்று புத்தகத்தின் பின்னே ஒரு ஸகரம் வைத்தால், குழந்தையும் புத்தகமும் முதலில் சேர்ந்தன, சங்கம் பிறகு வந்தது என்று பொருள். அதாவது குழந்தைப் புத்தகங்களுக்கான சங்கம். முதல் சங்கத்தில் உறுப்பினர்கள் குழந்தைகள். இரண்டாம் சங்கத்தில் பாட்டியும் சேரலாம்! இந்த ஸகரத்துக்கென்று தனிப் பொருள் கிடையாது. அது ஒரு தையல். பெரிய மூட்டு இங்கே இருக்கிறது என்று காட்டுகிற தையல்.

காற்பந்து மைதானத்தைப் பாருங்கள். பந்து மைதானம் என்று மட்டும் சொன்னால் பொல்-ப்ளான், ஸகரம் இல்லை. காற்பந்து மைதானம் என்றால் ஃபூட்-பொல்ஸ்-ப்ளான். காலும் பந்தும் ஏற்கெனவே சேர்ந்து ஒரு சொல்லாகிவிட்டன. அந்தக் கூட்டு முடிகிற இடத்தில் ஸகரம் வந்து நிற்கிறது. நீண்ட சொல்லைக் கண்டு திகைக்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் அறிவுரை இதுதான்: நடுவில் ஸகரத்தைத் தேடுங்கள். எல்லாச் சொல்லிலும் இருக்காது. எல்லா ஸகரமும் தையலாக இருக்காது. ஆனால் இருக்கும் இடத்தில் அது பெரிய கதவைத் திறந்துவிடும்.

பிரித்தாயிற்று. இனி எங்கே அழுத்துவது?

இங்கேதான் இந்த மொழியின் அழகு முழுதாகத் தெரிகிறது. விதி எளிது. முதல் உறுப்புக்கு முதன்மை அழுத்தம். கடைசி உறுப்புக்குத் துணை அழுத்தம். நடுவில் எத்தனை உறுப்பு வந்தாலும் அவற்றுக்குத் தனி மேடை இல்லை. பல்லக்கை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னே தோள் கொடுப்பவர்கள், பின்னே தோள் கொடுப்பவர்கள். உள்ளே அமர்ந்திருப்பவர் ஒருவரோ இருவரோ, பாரம் இறங்குவது அந்த இரு முனையிலும்தான். சுவீடிஷ் நெடுஞ்சொல்லின் பாரமும் அப்படியே முனைகளில் இறங்குகிறது.

ஃபூட்பொல்ஸ்ப்ளான். முன்தோள் ஃபூட். பின்தோள் ப்ளான். பந்து நடுவில் அமைதியாக இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், அமைதியாக இருக்கிறதே தவிர அழிந்துபோகவில்லை. பொல் என்ற உறுப்பு தன் லகரத்தின் நீளத்தை விட்டுக்கொடுப்பதில்லை. எடுப்பான குரல் இல்லை, ஆனால் அளவு இருக்கிறது. அதனால்தான் ஒவ்வோர் உறுப்பும் தெளிவாகக் காதில் விழுகிறது.

முதல் உறுப்பு என்று சொன்னேன், முதல் அசை என்று சொல்லவில்லை. இந்த வேறுபாட்டில்தான் கற்பவர்கள் பலர் இடறுகிறார்கள். பழைய சுவீடிஷ் சொற்களுக்குப் பெரும்பாலும் முதல் அசையில் அழுத்தம். பிரெஞ்சு, லத்தீன் வழியாக வந்த சொற்களுக்குப் பெரும்பாலும் கடைசியில். ரயில் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யேர்ன் என்றால் இரும்பு, வேக் என்றால் பாதை, ஸ்டஷூன் என்றால் நிலையம். யேர்ன்-வேக்ஸ்-ஸ்டஷூன். முதன்மை அழுத்தம் இரும்பில். துணை அழுத்தம் நிலையத்தில், ஆனால் நிலையத்தின் எந்த அசையில்? ஸ்ட என்பதில் இல்லை, ஷூன் என்பதில். அந்தச் சொல் தனியாக இருக்கும்போது எங்கே அழுந்துமோ அங்கேதான் கூட்டிலும் அழுந்தும். சேர்ந்ததற்காக எந்த உறுப்பும் தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை.

வாருங்கள், உப்சாலா நகருக்குப் போவோம். 1477-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. அதன் நூலகத்துக்குப் பெயர்ச்சொல் உனிவெஷிடேட்ஸ்-பிப்லியோடேக். ஒன்பது அசை. எங்கே அழுத்தம்? முதல் உறுப்பு பல்கலைக்கழகம். அதன் அழுத்தம் கடைசி அசையான டேட் என்பதில். இரண்டாம் உறுப்பு நூலகம். அதன் அழுத்தமும் கடைசி அசையான டேக் என்பதில். உனிவெஷி என்று நான்கு அசை வேகமாக ஓடிவந்து, டேட் என்று ஐந்தாவதில் முழுக் குரல் நிற்கிறது. பிறகு பிப்லியோ என்று மூன்று அசை தணிந்து ஓடி, டேக் என்று முடிகிறது. இரண்டே இடம். மற்ற ஏழும் அந்த இரண்டை நோக்கி ஓடுகிற அசைகள். அந்த நூலகத்தின் பெருஞ்செல்வம், ஊதா நிறத் தோலில் வெள்ளி மையாலும் பொன் மையாலும் எழுதிய ஆறாம் நூற்றாண்டு கோதிக் மொழி நற்செய்தி நூல். அதற்கும் கூட்டுச்சொல்தான் பெயர்: சில்வெர்-பீபெல்ன், வெள்ளி பைபிள். முன்தோள் சில். பின்தோள் பீ.

அழுத்தம் மட்டும் போதுமா? போதாது. சுவீடிஷைக் கேட்டவர்கள் எல்லாரும் சொல்வது, அது பாடுவது போல இருக்கிறது என்று. அந்தப் பாட்டு எங்கிருந்து வருகிறது?

சுவீடிஷ் சொற்களுக்கு இரண்டு குரல் வகை உண்டு. ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டே அவற்றைக் குறிப்பிடுகிறார்கள். அன்டென் என்று எழுதியிருக்கும் சொல்லை முதல் வகைக் குரலில் சொன்னால் வாத்து. இரண்டாம் வகைக் குரலில் சொன்னால் ஆவி. டொம்டென் என்பதை முதல் வகையில் சொன்னால் வீட்டு மனை. இரண்டாம் வகையில் சொன்னால், கிறிஸ்துமஸுக்குப் பரிசு கொண்டுவரும் தாத்தா. எழுத்து ஒன்று, அழுத்தம் விழும் அசையும் ஒன்று. குரல் ஏறி இறங்கும் விதம் மட்டுமே வேறு. பழங்காலத்தில் ஓரசையாக இருந்த சொற்கள் முதல் வகைக்கும், ஈரசையும் அதற்கு மேலும் இருந்தவை இரண்டாம் வகைக்கும் போயின என்பது வரலாறு.

கூட்டுச்சொல் எந்த வகை? ஸ்டாக்ஹோம் வட்டாரத்திலும் நடுச் சுவீடனிலும் கூட்டுச்சொல் என்றாலே இரண்டாம் வகைதான். உறுப்புகள் தனியாக இருக்கும்போது எந்த வகையாக இருந்தாலும் சரி, கூட்டில் சேர்ந்ததும் இரண்டாம் வகை. அதன் வடிவம் என்ன? ஷூக்‌ஷோட்டெஷ்கா என்ற சொல்லை ஒரு ஸ்டாக்ஹோம்காரர் தனியாகச் சொல்வதைக் கேளுங்கள். ஷூக் என்பதில் குரல் உயரத்தில் தொடங்கி அங்கேயே சரிகிறது. ஷோ என்பதில் மறுபடி மேலே ஏறுகிறது. டெஷ்கா என்பதில் அடங்குகிறது. இரண்டு சிகரம், நடுவில் ஒரு பள்ளம். நடுவில் உறுப்புகள் கூடினால் பள்ளம் நீளும். சிகரங்கள் இரண்டுதான்.

இந்த இசையை வெறும் காதால் மட்டும் கேட்டு விட்டுவிடவில்லை அறிஞர்கள். எர்ன்ஸ்ட் மேயர் என்ற ஒலியியலாளர் பற்பல வட்டாரங்களின் குரல் ஏற்ற இறக்கங்களைக் கருவிகொண்டு பதிந்து, 1937-இல் நூலாகத் தந்தார். லுண்ட் பல்கலைக்கழகத்தின் யோஸ்டா புரூஸ் 1977-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு முடிச்சை அவிழ்த்தார். அந்த இரண்டாம் சிகரம், சொல்லின் சொத்து அல்ல. வாக்கியம் தன் முக்கியச் சொல்லுக்குத் தருகிற அணி என்று காட்டினார். சொல் வாக்கியத்தில் முன்னிற்கும்போது இரண்டாம் சிகரம் எழும். பின்னணிக்குப் போனால் அது தாழ்ந்துவிடும். ஆனால் முதல் அசையின் சரிவு எப்போதும் இருக்கும். அது சொல்லுக்கே உரியது. உலகம் முழுவதும் குரல் ஏற்ற இறக்கத்தை ஆராய்கிறவர்கள் இன்றும் புரூஸின் அந்த ஆய்வைத் தேடிப் படிக்கிறார்கள்.

நாடு முழுவதும் ஒரே இசையா? இல்லை. தெற்கே மால்மோ பக்கம் போனால் சிகரம் ஒன்றுதான். அது முன்னே வருகிறதா பின்னே வருகிறதா என்பதுதான் வகையைக் காட்டும். அங்கே முதல் வகைக் கூட்டுச்சொற்களும் உண்டு. கிழக்கே பின்லாந்து போனால், அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் சுவீடிஷ் பேசுகிறார்கள்; அவர்களின் பேச்சில் இந்த இரண்டு வகை வேறுபாடே பெரும்பாலும் இல்லை. ஆகவே, இசை வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். ஆனால் முன்னே ஒரு பாரம், பின்னே ஒரு பாரம் என்ற அமைப்பு எல்லாருக்கும் பொது. கற்பவர்கள் முதலில் பற்ற வேண்டியது அந்தப் பொது அமைப்பைத்தான்.

விதி என்றால் விலக்கும் உண்டு. ஊர்ப்பெயர்கள் சில முரண்டு பிடிக்கும். யோட்டெபொரி என்ற துறைமுக நகரை நாம் கோதன்பர்க் என்கிறோம். அங்கே அழுத்தம் முன்னே இல்லை, கடைசி அசையில். ஹெல்சிங்பொரி நகரும் அப்படியே. ஸ்டாக்ஹோமின் தென்பகுதித் தீவான சோடெர்மால்ம் அப்படியே. கிழமைப் பெயர்கள் வேறு வழியில் போயின. டாக் என்றால் நாள். ஆனால் திங்கட்கிழமையை அன்றாடப் பேச்சில் மொண்டா என்றுதான் சொல்கிறார்கள். நாள் என்ற உறுப்பு தேய்ந்து தன் நீளத்தையும் பாரத்தையும் இழந்துவிட்டது. கூட்டு என்ற நினைவு மறைந்ததும் கூட்டின் இசையும் மறைந்துவிட்டது. விலக்குகூட விதியைத்தான் நிரூபிக்கிறது பாருங்கள். பேசுபவர் மனத்தில் உறுப்புகள் உயிரோடு இருக்கும்வரை குரலிலும் அவை உயிரோடு இருக்கும்.

இப்போது இதுவரை சொன்ன எல்லாவற்றையும் ஒரே சொல்லில் சோதித்துப் பார்ப்போம். சுவீடன் அகாடமி 1786-இல் மூன்றாம் குஸ்தாவ் மன்னர் நிறுவியது. அது வெளியிடும் சொற்பட்டியல் 1874 முதல் பதிப்புப் பதிப்பாக வருகிறது. அந்தப் பட்டியலில் மிக நீண்டது என்று பெயர் பெற்ற சொல்லுக்கு 28 எழுத்து. ரெஅலிஸஷூன்ஸ்வின்ஸ்ட்பெஸ்கட்னிங். மூலதன ஆதாயத்தின் மீதான வரிவிதிப்பு என்று பொருள்.

பயப்பட வேண்டாம். பிரிப்போம். ரெஅலிஸஷூன் என்றால் சொத்தை விற்றுப் பணமாக்குவது. அதன் பின்னே தையல் ஸகரம். வின்ஸ்ட் என்றால் லாபம். பெஸ்கட்னிங் என்றால் வரிவிதிப்பு. மூன்று உறுப்பு, ஒன்பது அசை. முன்தோள் எங்கே? முதல் உறுப்பு லத்தீன் வழி வந்த சொல், ஆகவே அதன் கடைசி அசையான ஷூன் என்பதில். பின்தோள் எங்கே? பெஸ்கட்னிங் என்பதில் பெ ஒரு முன்னொட்டு. வட ஜெர்மனி வணிகர்கள் பால்டிக் கரையெங்கும் கோலோச்சிய இடைக்காலத்தில் அவர்கள் மொழியிலிருந்து சுவீடிஷுக்குள் வந்தது. அந்த முன்னொட்டு ஒருபோதும் பாரம் சுமக்காது. ஆகவே அதைத் தாண்டி, ஸ்கட் என்பதில். லாபம் நடுவில் அமைதியாக அமர்ந்திருக்கிறது. சொல்லுங்கள் பார்ப்போம்: ரெஅலிஸ-ஷூன்ஸ்-வின்ஸ்ட்-பெ-ஸ்கட்-னிங். ஐந்தாம் அசையில் ஒரு முறை, எட்டாம் அசையில் ஒரு முறை. 28 எழுத்து இரண்டே அடியில் முடிந்துவிட்டது!

இதைவிட நீளமான சொற்களும் உண்டு. 130 எழுத்துகொண்ட ஒரு சொல் கின்னஸ் புத்தகத்திலேயே இடம்பெற்றது. கடலோரப் பீரங்கிப் படை, வான்வழிக் கண்காணிப்புப் பயிற்சிக் கருவி, பராமரிப்பு, விவாதம், ஆயத்தப் பணி என்று ஓர் அலுவலகக் கோப்பையே விழுங்கிய சொல் அது. யாரும் அதை அன்றாடம் பேசுவதில்லை. ஆனால் அதுவும் இதே இலக்கணத்தில்தான் கட்டப்பட்டது. நீளத்துக்கு எல்லை வைக்காத மொழி, ஒழுங்குக்கு எல்லை வைத்திருக்கிறது.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு முடிவாகச் சில சொற்கள். உங்களில் சிலர் நாளை அந்த நாட்டுக்குப் படிக்கப் போகலாம். 2009-இல் இயற்றிய மொழிச் சட்டத்தின்படி சுவீடிஷ்தான் அந்நாட்டின் முதன்மை மொழி. ஆங்கிலத்தை வைத்துக் காலம் தள்ளிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பக்கத்து வீட்டு முதியவரோடு, மருத்துவமனைச் செவிலியரோடு, பள்ளிக்கூட வாசலில் நிற்கும் தாயோடு அவர்கள் மொழியில் பேசுங்கள். அப்போது நீண்ட சொற்கள் வரும். வந்தால் எழுத்தை எண்ணாதீர்கள். உறுப்பை எண்ணுங்கள். பொருள் பிரியும் இடத்தில் பிரியுங்கள். முதல் உறுப்பில் முழுக் குரலை வையுங்கள். கடைசி உறுப்பில் இன்னொரு முறை காலூன்றுங்கள். நடுவில் இருப்பவற்றின் நீளத்தைக் குறைக்காமல், அவசரப்படாமல் கடந்து போங்கள்.

உங்கள் ரகரமும் ஷகரமும் அவர்களுடையதைப் போல இல்லாவிட்டால் பெரிய நட்டமில்லை. கேட்பவர் அதைக் கடந்து கேட்டுக்கொள்வார். ஆனால் பாரம் இடம் மாறிவிட்டால், ஒவ்வோர் எழுத்தும் சரியாக இருந்தும் சொல் அவருக்குப் போய்ச் சேராது. எழுத்தைத் திருத்துவதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியை அழுத்தத்தைப் பழகச் செலவிடுங்கள். வானொலியைக் கேளுங்கள். ரயிலில் அறிவிப்பைக் கேளுங்கள். வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம். பிறர் மொழியை அதன் இசையோடு பேச முயல்வதைவிட அந்த மக்களுக்குச் செய்யும் பெரிய மரியாதை வேறு எது?